பழைய பட்டறை கம்ப்ரசரை வீட்டில் புதுப்பிப்பது: மோட்டாருக்கு முன் டேங்க்

உங்கள் தந்தையார் பஞ்சர் கடையில் இருபத்தைந்து ஆண்டுகள் ஓட்டிய கம்ப்ரசரை வீட்டின் பின்புறக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். 160 லிட்டர் டேங்க், பெல்ட்டில் ஓடும் இரட்டைச் சிலிண்டர் பம்ப், 3 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். வீட்டில் இருப்பதோ சிங்கிள் பேஸ் இணைப்பு. தானாக நின்று தானாக ஓடும்படி பிரஷர் சுவிட்ச் பொருத்தி, டேங்க்கைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, மர வேலைக்கும் ஸ்ப்ரே பெயின்டுக்கும் பயன்படுத்த விரும்புகிறீர்கள். எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம் என்பது உங்கள் கேள்வி. அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் டேங்க்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்த இயந்திரத்தில் பழுதானால் பணம் மட்டும் போகும் உறுப்புகள் பல உண்டு. பழுதானால் ஆளையே கொல்லக்கூடியவற்றில் முதலிடம் டேங்க்குக்கு.

டேங்க் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். காற்றோடு வரும் ஈரம் உள்ளே குளிர்ந்து தண்ணீராகி அடியில் தேங்குகிறது. தினமும் ட்ரெயின் (அடியில் உள்ள வடிகால் வால்வு) திறந்து வடிக்காத கடையில் அந்தத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து, அடிப்பாகத்துத் தகட்டை மட்டும் தின்றுகொண்டிருக்கும். வெளியே நீங்கள் அடிக்கப்போகும் பெயின்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பளபளப்பான பெயின்ட், கசிவின் முதல் அறிகுறியை மறைத்துவிடும் என்பதால் சோதனை முடியும்வரை அதைத் தொடாதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

ஆபத்தின் அளவைக் கணக்காகவே சொல்லலாம். 160 லிட்டர் டேங்க்கில் 8 கிலோ அழுத்தத்தில் (சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ) காற்று இருக்கும்போது, டேங்க் பிளந்தால் ஒரே கணத்தில் வெளிப்படக்கூடிய ஆற்றல் ஏறக்குறைய 160 கிலோஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்கு அது சமம். அந்த டேங்க் உங்கள் கொட்டகையில், நீங்கள் குனிந்து வேலை செய்யும் இடத்திலிருந்து நான்கடி தள்ளி நிற்கப்போகிறது.

முதலில் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, அடியில் உள்ள ட்ரெயின் வால்வையே கழற்றி, வருவதை ஒரு வெள்ளை வாளியில் பிடியுங்கள். மோர் நிறத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்தால் அது வழக்கமானது. கடுந்தேநீர் நிறத்தில் வந்து, வாளியின் அடியில் நகம் அளவுக்குத் துருச் சில்லுகள் படிந்தால் தகடு அடுக்கடுக்காக உரிகிறது என்று பொருள். அந்த டேங்க்கின்மேல் மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். பிறகு பக்கவாட்டில் உள்ள பெரிய பிளக்கைக் கழற்றி, செல்பேசியில் இணைக்கக்கூடிய சிறு கேமராவை உள்ளே விட்டு அடிப்பாகத்தைப் பாருங்கள். பரவலான செந்துருவைவிட, அம்மைத் தழும்பைப்போல ஆழமாக விழுந்திருக்கும் குழிகளே கவலைக்குரியவை. ஊரில் அல்ட்ராசானிக் கருவியால் தகட்டின் கனம் அளப்பவர் கிடைத்தால், அடிப்பாகத்தில் பத்து இடங்களிலும் மேற்பாகத்தில் இரண்டு இடங்களிலும் அளக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் துரு தின்ற அளவு.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. காற்றை ஏற்றிச் சோதிக்கவே கூடாது. தண்ணீர் ஏறக்குறைய அமுங்காத பொருள் என்பதால், தண்ணீர் நிரம்பிய டேங்க் விரிசல் விட்டாலும் ஒரு பீச்சலோடு அழுத்தம் விழுந்துவிடும். காற்று நிரம்பிய டேங்க் வெடிக்கும். பம்பையும் மோட்டாரையும் இறக்கி வைத்துவிட்டு, மேல் துளை வழியாகத் தண்ணீர் வழியும்வரை நிரப்பி, ஒரு குமிழிகூட உள்ளே தங்காதபடி டேங்க்கைச் சாய்த்து ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். பிளம்பர்கள் குழாய்ச் சோதனைக்கு வைத்திருக்கும் கைப்பம்பை வாடகைக்கு வாங்கி, ஓட்டப்போகும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு, அதாவது 7 கிலோவில் ஓட்டுவதானால் பத்தரை கிலோவுக்கு, ஏற்றி அரை மணி நேரம் வைத்திருங்கள். முள் இறங்கக் கூடாது.

கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தபோது இப்படி ஒரு பழைய டேங்க்கைச் சோதித்தோம். வெளியே பார்க்க அதில் ஒரு குறையும் இல்லை. 9 கிலோவைத் தொட்டபோது, கால் பிராக்கெட்டை டேங்க்கோடு பற்றவைத்திருந்த இடத்தின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்து, அதன் நடுவிலிருந்து தையல் ஊசி அளவு கனத்தில் ஒரு நீர்க்கம்பி கிளம்பி மூன்றடி தூரத்துச் சுவரை நனைத்தது. துடைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினேன். முனை உள்ளே போய்விட்டது. அதற்கு முந்தைய நாள்வரை அந்த டேங்க் 8 கிலோ காற்றோடு ஓடிக்கொண்டிருந்தது. பற்றவைத்த கால்களின் ஓரங்கள் அதிர்வைத் தாங்குகிற இடங்கள். துருவோடு அதிர்வும் சேரும்போது தகடு முதலில் அங்கேதான் விட்டுக்கொடுக்கும். சோதனையின்போது அந்த நான்கு இடங்களையும் டார்ச் வைத்துப் பாருங்கள்.

ஊசித்துளை தெரிந்தால் வெல்டிங் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று சொல்ல ஆள் இருப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு துளை தெரிகிறது என்றால் அதைச் சுற்றியுள்ள தகடு முழுவதும் காகிதமாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதன்மேல் வைக்கும் வெல்டிங் பிடித்துக்கொள்ள நல்ல இரும்பு அங்கே இல்லை. சோதனைச் சான்றிதழோடு புது டேங்க் தனியாகவே கிடைக்கிறது. பழைய டேங்க்கில் டிரில்லால் நான்கு துளைகள் போட்டுவிட்டுப் பழைய இரும்புக்குப் போடுங்கள். இன்னொருவர் வாங்கிக் காற்று ஏற்றிவிடக் கூடாது. சோதனையில் தேறினால், தண்ணீரை வடித்து, எல்லாத் துளைகளையும் திறந்துவைத்து ஊதுகுழலால் உட்புறத்தை முழுவதும் உலர்த்திய பிறகே மூடுங்கள்.

இனி பம்ப். இதில்தான் உங்களுக்கு நல்ல செய்தி. மெதுவாகச் சுற்றுகிற வார்ப்பிரும்பு பம்ப் இன்று கடையில் கிடைக்கும், மோட்டாரோடு நேரடியாக இணைந்து நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடுகிற சின்ன கம்ப்ரசர்களைவிடப் பல மடங்கு நீடிப்பது, சத்தமும் குறைவு. ஹெட்டைக் கழற்றி வால்வு பிளேட்டைப் பாருங்கள். வெளியேற்றும் பக்கம் கரி படிந்து கறுத்திருக்கும். கரியைச் சுரண்டி, வால்வுத் தகடுகளையும் ஹெட் பேக்கிங்கையும் புதிதாக மாற்றிவிடுங்கள். சிலிண்டரில் கோடுகள் இல்லாமல் இருந்து, எண்ணெய் அதிகம் குடிக்காமலும் இருந்தால் பிஸ்டன் ரிங்கைத் தொட வேண்டாம்.

பம்ப் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறியத் தனிக் கருவி வேண்டியதில்லை, கடிகாரம் போதும். காலி டேங்க்கை மூடி ஓட்டி, 0-விலிருந்து 7 கிலோ ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். டேங்க்கின் கொள்ளளவை ஏறிய அழுத்தத்தால் பெருக்கி நேரத்தால் வகுத்தால், பம்ப் உண்மையில் தரும் காற்றின் அளவு ஏறக்குறையக் கிடைக்கும். 160 லிட்டரை 7-ஆல் பெருக்கினால் 1120; அது 5 நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 224 லிட்டர், அதாவது 8 கன அடிக்குச் சற்றுக் குறைவு. இதைச் சிலிண்டரின் அளவோடு ஒப்பிட வேண்டும். 70 மி.மீ. போரும் (உள்விட்டம்) 60 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒரு சுற்றுக்கு 462 கன சென்டிமீட்டர் காற்றை இழுக்கும். 720 சுற்றில் அது 332 லிட்டர். அதில் 70 விழுக்காடு டேங்க்கில் சேர்ந்தால் பழைய பம்ப்புக்கு அது நல்ல உடல்நிலை. பாதிதான் சேர்கிறது என்றால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரிய மோட்டார் போட்டால் காற்று அதிகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றின் அளவைத் தீர்மானிப்பது பம்ப் சுற்றும் வேகம். அந்த வேகத்தைத் தீர்மானிப்பவை மோட்டாரின் வேகமும் இரண்டு புல்லிகளின் விட்டமும். மோட்டாரின் எச்.பி., அந்த வேகத்தில் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுற்றும் பலம் மட்டுமே. எனவே சின்ன மோட்டார் போட்டாலும் தவறில்லை. புல்லியை அதற்கேற்பச் சிறிதாக்கி, பம்ப்பை மெதுவாக ஓட்ட வேண்டும். புல்லியை மாற்றாமல் மோட்டாரை மட்டும் சிறிதாக்குகிறவர்களின் மோட்டார்தான் மூன்றாம் மாதம் காயில் கட்டும் கடைக்கு வருகிறது.

3 எச்.பி. மோட்டாரையே வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகத் தரும் வி.எஃப்.டி. டிரைவ் ஒன்றைப் போட்டு, மோட்டாரை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு (மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் இரண்டு முறைகள் இவை) மாற்றிக் கட்டினால், 415 வோல்ட் மோட்டார் 240 வோல்ட்டில் முழு பலத்தோடு ஓடும். ஆனால் அதற்கு மோட்டார் ஸ்டாரில் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் ஆறு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். பழைய மோட்டார்கள் பலவற்றில் மூன்று முனைகள்தான் வெளியே இருக்கும். மற்ற மூன்றும் காயிலுக்குள்ளேயே முடியப்பட்டிருக்கும். காயில் கட்டுபவர் அவற்றைத் தேடி எடுத்துத் தர முடியும். இந்த வழியில் மோட்டார் மென்மையாகக் கிளம்பும் என்பது பெரிய நன்மை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிரஷர் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே போடக் கூடாது, போட்டால் டிரைவ் எரியும், சுவிட்சின் தொடர்பை டிரைவின் கட்டளை முனையில் கொடுக்க வேண்டும். முழுச் சுமையில் இது வீட்டு இணைப்பிலிருந்து 18 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சாதாரண 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது 2 எச்.பி., 1440 சுற்று, கெபாசிட்டர் ஸ்டார்ட் கெபாசிட்டர் ரன் வகை சிங்கிள் பேஸ் மோட்டார். இது ஓடும்போது சுமார் 10 ஆம்பியரும், கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்து மடங்குவரையும் இழுக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியும், அதற்கென்றே ஒரு சி வகை எம்.சி.பி.யும், ஓவர்லோட் ரிலே உள்ள ஸ்டார்ட்டரும், முறையான எர்த்தும் கட்டாயம். கம்பி மெலிதாக இருந்தால் கிளம்பும்போது வோல்டேஜ் விழுந்து, மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். ஸ்டார்ட் கெபாசிட்டர் வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

புல்லிக் கணக்கு இது. இப்போது மோட்டார் புல்லி 7 அங்குலமும், பம்ப்பின் பெரிய புல்லியான ஃப்ளைவீல் 14 அங்குலமும் என்றால் பம்ப் 720 சுற்று ஓடுகிறது. 3 எச்.பி.யிலிருந்து 2-க்கு இறங்கும்போது வேகமும் அதே விகிதத்தில் 480-க்கு இறங்க வேண்டும்; அதற்கு மோட்டார் புல்லி 4⅔ அங்குலம் வருகிறது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஃப்ளைவீலின் பள்ளம் பி வகை பெல்ட்டுக்கு வெட்டப்பட்டிருந்தால், அந்தப் பெல்ட்டுக்கு 5 அங்குலத்துக்குக் குறைந்த புல்லி ஆகாது. அவ்வளவு சிறிய வளைவில் பெல்ட் சூடேறி அடியில் வெடிக்கும். எனவே 5 அங்குலப் புல்லி போடுங்கள். வேகம் 514 ஆகும். மோட்டாருக்குச் சுமை ஒரு துளி கூடும். அதை ஈடுகட்ட, நிற்கும் அழுத்தத்தை 8½ கிலோவில் வைக்காமல் 7-இல் வையுங்கள். கிளாம்ப் மீட்டரால் 7 கிலோவுக்கு அருகில் ஆம்பியரை அளந்து, மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணைத் தாண்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கிராங்கின் அடியில் உள்ள கரண்டி எண்ணெயை வாரி இறைத்துத்தான் இந்த வகைப் பம்ப் உயவு பெறுகிறது. மிகவும் மெதுவாக ஓட்டினால் எண்ணெய் மேலே எட்டாது. 400 சுற்றுக்குக் கீழே இறக்க எனக்குத் துணிவில்லை.

இந்த ஏற்பாட்டில் நிமிடத்துக்குச் சுமார் 6 கன அடி காற்று கிடைக்கும். ஆணித் துப்பாக்கிக்கும் டயருக்கும் தூசி ஊதவும் இது தாராளம். சாதாரண ஸ்ப்ரே துப்பாக்கியில் நாற்காலி, கதவு அளவுக்கு நிம்மதியாக அடிக்கலாம். அதிகக் காற்றுக் குடிக்கும் குறைந்த அழுத்த வகைத் துப்பாக்கிகளுக்கும் மணல் அடிப்பதற்கும் போதாது.

மோட்டார் சுழலும் திசையைக் கவனியுங்கள். ஃப்ளைவீலின் ஆரங்களே விசிறி. அவை காற்றைச் சிலிண்டரை நோக்கித் தள்ள வேண்டும். திசை மாறினால் பம்ப் காற்று ஏற்றும், ஆனால் வெந்துபோகும். ஒரே கட்டத்தில் 7 கிலோவுக்கு அழுத்தும்போது, குளிர்விப்பே இல்லையென்றால் காற்று 270 டிகிரியைத் தொடும் என்பது கணக்கு. ஹெட்டின் இறக்கைகளும் இந்த விசிறியும்தான் அதைக் குறைக்கின்றன. எண்ணெய் கரியாவது இந்தச் சூட்டால்தான். பஞ்சர் கடைகளில் வழக்கமாக ஊற்றும் இன்ஜின் ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, 100 தர கம்ப்ரசர் ஆயிலையே ஊற்றுங்கள். இன்ஜின் ஆயிலில் அழுக்கைக் கரைக்கச் சேர்த்திருக்கும் மருந்து, இங்கே தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தானாக நின்று ஓடுவதற்குப் பிரஷர் சுவிட்ச் மட்டும் போதாது. கடையில் அது கையால் நிறுத்தப்பட்டது. அல்லது நிற்காமல் ஓடியது. தானியங்கியாக்கும்போது, நின்ற மோட்டார் மறுபடியும் கிளம்பும் கணத்தில் பிஸ்டனின் தலைமேல் அழுத்தம் இருக்கக் கூடாது. அதற்கு இரண்டு உறுப்புகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்: டேங்க் வாயிலில் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வு டேங்க்கின் காற்றைப் பின்னே விடாமல் பிடித்துக்கொள்ளும், சுவிட்சின் பக்கத்தில் உள்ள அன்லோடர், மோட்டார் நின்றதும் பம்ப்புக்கும் அந்த வால்வுக்கும் நடுவே உள்ள குழாயில் மிஞ்சிய காற்றை வெளியே விட்டுவிடும். நின்றதும் இரண்டு மூன்று நொடி சீறி அடங்கினால் இரண்டும் நலம். சீறல் அடங்காமல் தொடர்ந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு கரி படிந்து மூடாமல் இருக்கிறது. பலரும் சுவிட்சைக் குறைசொல்லி அதை மாற்றுவார்கள். சுவிட்சை, ஐந்தரைக் கிலோவுக்குக் கிளம்பி 7-இல் நிற்கும்படி வைத்தால் போதும்.

சேஃப்டி வால்வைப் பழையதையே துடைத்துப் போட வேண்டாம், புதிதாக வாங்குங்கள். எட்டரை கிலோவில் திறப்பதாகவும், பம்ப் தரும் காற்று முழுவதையும் வெளியேற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதற்கும் டேங்க்குக்கும் நடுவே மூடக்கூடிய எந்த வால்வும் வரக் கூடாது.

ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்பதால் தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் ஊரில் 30 டிகிரி வெயிலும் முக்கால்வாசி ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. உங்கள் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 10 கன மீட்டர் காற்றை உள்ளே தள்ளும். அதில் உள்ள 230 கிராமில் 180 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர், காற்று ஆறியதும் வடியும். ஆறும் இடம் டேங்க்காக இருந்தால் அங்கே வடியும். டேங்க் சூடாகவே இருந்தால் குழாயிலும் துப்பாக்கி முனையிலும் வடிந்து, பெயின்டில் மீன் கண்களைப்போன்ற சிறு வட்டக் குழிகளாக விழும். எனவே பம்ப்புக்கும் டேங்க்குக்கும் நடுவே உள்ள குட்டைக் குழாயை எடுத்துவிட்டு, இறக்கை வைத்த செம்புக் குழாயை மூன்று நான்கு மடிப்பாக, ஃப்ளைவீலின் காற்று படும் இடத்தில் கட்டுங்கள். இந்த ஒரு மாற்றம், கடையில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் வடிகட்டிகள் பலவற்றைவிட அதிகப் பயன் தரும். டேங்க் ட்ரெயினுக்குக் கைக்கு எட்டும்படி ஒரு பால் வால்வும் நீட்டுக் குழாயும் வைத்துக்கொண்டால் தினமும் வடிக்கச் சோம்பல் வராது.

சுவரோரக் குழாய்க்கு பி.வி.சி. கூடவே கூடாது. தண்ணீருக்கு அது எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தாலும், காற்றில் அது உடையும்போது கண்ணாடியைப்போலச் சில்லுச் சில்லாகப் பறக்கும். அரை அங்குல ஜி.ஐ. அல்லது செம்பு போடுங்கள். ஓட்டம் போகும் திசையில் லேசாகச் சரிவு வைத்து, கடைசியில் தண்ணீர் தங்க ஒரு கீழ்க்குழாயும் ட்ரெயினும் வையுங்கள். கிளைகளைக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். கம்ப்ரசரிலிருந்து முதல் இணைப்பு ரப்பர் ஹோஸாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதிர்வு திருகுகளைத் தளர்த்திவிடும்.

பெல்ட்டை, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு இழுத்து, இரண்டு புல்லிகளின் முகத்தையும் ஒரே நூலில் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். தானாகக் கிளம்பும் இயந்திரம் இது என்பதால் பெல்ட்டுக்கு முழு மூடி போடாமல் பிளக்கைச் சொருகவே சொருகாதீர்கள்.

எல்லாம் பூட்டியபின் டேங்க் வால்வை முழுவதும் திறந்துவைத்து அரை மணி நேரம் சுமையில்லாமல் ஓட்டுங்கள். பிறகு 3 கிலோவில் நிறுத்தி, எல்லா மூட்டுகளிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அதன்பின் 7 கிலோவுக்கு ஏற்றி, 0-விலிருந்து ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் புல்லியோடு ஏழு நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும். தண்ணீர்ச் சோதனை செய்த தேதியையும் அந்த நேரத்தையும் டேங்க்கின் மேலேயே வெள்ளைப் பெயின்டால் எழுதிவையுங்கள். நேரம் எட்டரை நிமிடத்தைத் தொடும்போது வால்வு பிளேட்டைக் கழற்றுங்கள். தேதி இரண்டு ஆண்டுகளைத் தாண்டும்போது கைப்பம்பை மறுபடியும் வாடகைக்கு எடுங்கள்.